தங்கூசி அறுந்தால் ஈயம் கழன்று விழ வேண்டும்: இன்லைன் ஈயம் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்துக் குளங்களில் கெண்டைக்குத் தூண்டில் போடும் நம்மவர்கள் இன்லைன் ஈயம், அதாவது தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) நடுவே ஊடுருவிப் போகும் ஈயக்குண்டு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு ஒரே இருப்பில் எழுதிய பதில்கள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். இன்லைன் ஈயத்தில் அப்படி என்ன வித்தியாசம்?

தம்பி, மற்ற ஈயம் பெரும்பாலும் தங்கூசியில் பக்கவாட்டில் தொங்கும். இதில் ஈயத்தின் நடுவே நீளவாக்கில் துளை இருக்கும், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழல். தங்கூசி அதற்குள்ளால் போய் அடிப்பக்கத்தில் சுவிவலில், இரண்டு பக்கமும் கண் உள்ள சுழலும் இணைப்பில், முடியும். சுவிவலைக் குழலின் அகன்ற வாய்க்குள் இழுத்துச் செருகினால் இறுக்கமாக உட்காரும், சுவிவலின் மறு கண்ணில் முள் கட்டிய சிறு நூல், 10 முதல் 15 செ.மீ. போதும். கெண்டை இரையை உறிஞ்சிக்கொண்டு தலையைத் திருப்பியதுமே ஈயத்தின் முழு எடையும் முள்ளில் விழும், முள் தானாகவே உதட்டில் ஏறிவிடும்.

கேள்வி: எல்லாரும் 'சேஃப் ரிக்' என்கிறார்கள். யாருக்கு சேஃப், எனக்கா மீனுக்கா?

மீனுக்குத்தான். ரிக் என்றால் ஈயம், சுவிவல், முள் நூல் எல்லாம் சேர்ந்த கட்டு. தங்கூசி என்றைக்காவது அறுந்தே தீரும், கல்லில் உரசும், மரவேரில் மாட்டும். அறுந்த பிறகு மீன் 3 அவுன்ஸ் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரிந்தால் அது எங்காவது சிக்கி நிற்கும், அவ்வளவுதான் அதன் கதை. ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஈயம் எங்காவது மாட்டியதும் சுவிவல் குழலை விட்டுக் கழரும், ஈயம் அறுந்த நுனி வழியே வழுக்கி விழும், மீனிடம் முள்ளும் கொஞ்சம் நூலும் மட்டும் மிஞ்சும்.

இதை வீட்டு மேசையிலேயே சோதிக்கலாம். ரிக்கை முழுதாகக் கட்டுங்கள். ஈயத்துக்கு மேலே ஒரு மீட்டரில் தங்கூசியை வெட்டுங்கள், மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். ஒரு கையில் முள் நூலைப் பிடித்து மறு கையால் ஈயத்தை வெட்டிய நுனிப்பக்கம் இழுங்கள். மிதமான இழுப்புக்கே 'டக்' என்று சுவிவல் வெளியே வந்து, ஈயம் எங்கும் தடக்காமல் கையோடு வர வேண்டும். பல்லைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தால் சுவிவல் பெரிது. பெரும்பாலான குழல்களுக்கு 8ஆம் நம்பர் சுவிவல்தான் அளவு. பசை போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கேள்வி: தூர வீசுவதற்குத் தடித்த லீடர் கட்டுகிறேன். அது பரவாயில்லையா அண்ணா?

லீடர் என்றால் தங்கூசியின் நுனியில் சேர்த்துக் கட்டும் தடித்த நூல். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். ஈயம் நழுவும், சரி, ஆனால் லீடரும் தங்கூசியும் சேரும் முடிச்சு அந்தத் துளைக்குள் நுழையுமா? ஒரு முறை நான் கரையேற்றிய சிறு கெண்டை ஒன்று வேறு யாரோ விட்ட ஈயத்தையும் சேர்த்து இழுத்து வந்தது. ஈயம் லீடரின் மேல் நுனிவரை ஒழுங்காகத்தான் நழுவியிருந்தது, கடைசியில் அரிசியளவு முடிச்சு ஒன்று துளைவாயில் தடுத்துக்கொண்டிருந்தது. மீனின் உதட்டோரம் கிழிந்திருந்தது. உள்ளே ஈயக் கம்பி வைத்துப் பின்னிய லெட்கோர் லீடரிலும் நுனி வளையத்தில் இதே ஆபத்து, பல குளங்களில் அதற்குத் தடையே உண்டு. தொடங்குபவருக்கு லீடர் வேண்டாம், ஈயத்துக்கு மேலே தங்கூசியில் ஒரு துண்டு ரிக் குழாய் (மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) கோர்த்தால் செதில் உரசாமல் இருக்கும். குழாய்க்கு மேலே மணி, ஸ்டாப்பர் என்று எதையும் இறுக்காதீர்கள்.

கேள்வி: இங்கே ஈயம் தடை என்றார்களே?

சின்னது மட்டும். அன்னங்கள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால் 1987இலிருந்து 0.06 முதல் 28.35 கிராம் வரையான ஈயத்துக்குத் தடை. நம் 2, 3 அவுன்ஸ் அதற்கு மேலே.

கேள்வி: எங்கள் குளத்தில் ஒரே சேறு. இது சரிவருமா?

சரிவராது. ஈயம் புதையும்போது பின்னாலேயே முள் நூலையும் உள்ளே இழுத்துப் போகும். சேற்றுக்கு ஹெலிகாப்டர் ரிக் (ஈயம் நுனியில், முள் நூல் அதற்கு மேலே சுழலும்), பாசி அடர்ந்த இடத்துக்கு லெட் கிளிப் (ஈயம் மாட்டினால் அதைக் கழற்றிவிடும் கொக்கி). இன்லைன் சரளைத் தரைக்கும், நீரில் கரையும் பிவிஏ பைக்குள் எல்லாவற்றையும் அடைத்து வீசுவதற்கும் அருமை.

கேள்வி: திருப்பி விடப்போகிற மீனுக்கு இவ்வளவு பாடா? குழம்பு வைத்தால் கதை முடிந்தது!

உடைமையாளர் அனுமதி இல்லாமல் எடுத்தால் உங்கள் கதை முடியும். அப்புறம், கெண்டை பல பத்தாண்டு வாழும். 1952இல் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 44 இறாத்தல் மீன் இலண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் 1971 வரை இருந்தது. நான் இன்று விடுவதை அடுத்த வருடம் இரண்டு இறாத்தல் கூடுதலாக நீங்களே பிடிக்கலாம், உதடு கிழியாமல் இருந்தால்.