மாற்று இதயம் பொருத்திய அப்பாவிடம் துக்கச் செய்தியை மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். சொத்துத் தகராறோ சாவுச் செய்தியோ, உட்கார வைத்து நேராகச் சொல்லிவிடுங்கள். நான் மருத்துவன் அல்லன். மாற்று இதயத்தோடு பினாங்கில் குடியிருப்பவன். மருத்துவம் படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். “உணர்ச்சிவசப்படவே கூடாது” என்று உபதேசிக்க வருபவர்கள் தயவுசெய்து அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

என் வீட்டிலும் மறைத்தார்கள். என்னை வளர்த்த அத்தை ஆயர் ஈத்தாமில் காலமானார். ‘இவன் தாங்கமாட்டான்’ என்று கூடிப் பேசி, கருமக்கிரியைக்கு முதல் நாள் வரை வாய் திறக்கவில்லை. அதுவும் தம்பி மனைவி வாய் தவறிச் சொன்னதால்தான் தெரிந்தது. எனக்குக் கண் இருட்டியது, ஆத்திரம் பொங்கியது. நெஞ்சு மட்டும் காதில் எதுவும் விழாததுபோல் அதன் கதியிலேயே ஓடியது. என் முகத்தையே பார்த்திருந்த சித்தப்பா, “அடுத்தவன் இதயம்தானே, பாசம் எங்கிருந்து வரும்?” என்றார். அவர் காப்பிக்கு எழுந்து போன பிறகுதான் படபடப்பு தொடங்கியது. லேசில் அடங்கவுமில்லை.

காரணம் இதுதான். அறுவைச் சிகிச்சையில் இதயத்துக்குப் போகும் நரம்புகள் அறுபடுகின்றன. துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பும் போய்விடுவதால், சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். துக்கமோ கோபமோ வந்தால் அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தோடு வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் கூடும், இறங்குவதும் மெதுவாகத்தான். ரத்த அழுத்தம் இதற்கெல்லாம் காத்திருக்காது. சிலருக்கு நாளடைவில் நரம்புகள் ஓரளவு மீண்டும் முளைக்கின்றன. இன்னொன்று: மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். மூச்சுத் திணறலோ, கால் வீக்கமோ, காரணமில்லாத களைப்போ தெரிந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அப்பா எரிந்து விழுகிறாரா? மாற்று இதயத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளின் வேலையாக இருக்கலாம். அவற்றில் பிரெட்னிசோலோன் தூக்கத்தையும் கெடுக்கும், குணத்தையும் கெடுக்கும். டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைக்கும். அதைப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான பயம் வேறு. 1997இல் நாட்டின் முதல் இதய மாற்று அறுவை நடந்த கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில்தான் எனக்கும் பரிசோதனை. கழுத்துச் சிரை வழியாக இதயத் தசையைத் துளி கிள்ளி எடுப்பார்கள். உடல் அதை நிராகரிக்கிறதா என்ற முடிவு வரும்வரை சோறு இறங்காது. இதயம் கொடுத்தவரின் வீட்டில் இன்று என்ன நாளோ என்ற நினைப்பும் அப்போதுதான் வரும். இத்தனையையும் தாங்குகிறவருக்கு, அத்தை செத்ததைத் தாங்க முடியாதா?

சொல்லப்போனால் என் ரத்த அழுத்தத்தை ஏற்றுவது துக்கமன்று, எங்கள் அடுக்குமாடி நிர்வாகம். மின்தூக்கி பழுதாகிக் கிடக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் படியேறத் தொடங்கியதும் துடிப்பு ஈடுகொடுக்காது. பாதியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். புகார் கொடுக்கப் போனால் அலுவலகப் பையன், “கோபப்படாதீர்கள் அங்கிள், உங்கள் இதயத்துக்கு ஆகாது” என்கிறான்.