தேடற்பெட்டியிடம் சொன்ன இரகசியம்

கேள்வி: அண்ணா, உயர்தரம் படிக்கிற மகனின் போனைத் தற்செயலாகப் பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு ‘நெஞ்சு படபடப்பு ஏன் வருகிறது’, ‘நித்திரை வராவிட்டால் என்ன செய்வது’ என்றெல்லாம் கூகிளில் தேடியிருக்கிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். தேடுவதை வைத்து ஒருவரின் மனதை அறியலாம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தற்செயலாக என்கிறீர்கள், சரி, நம்புகிறேன் தங்கச்சி.

பாதி உண்மை. யாராவது படிவத்தோடு வாசலில் வந்து கேட்டால் நாங்கள் எல்லோரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லி அனுப்புவோம். தேடற்பெட்டியிடம் அந்த நடிப்புத் தேவையில்லை, கோணேசர் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பதைப் போல எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். ஆனால் அங்கே கொட்டுவது கேள்வியைத்தான். கேட்டவருக்கே அந்த நோய் என்று அதற்கு அர்த்தமில்லை.

இதில் கூகிளே சறுக்கியது. அமெரிக்காவில் எங்கே சளிக்காய்ச்சல் பரவுகிறது என்பதை, வைத்தியர்களின் கணக்கு வந்து சேருமுன் தேடல்களை வைத்தே சொல்லும் திட்டமொன்றை 2008இல் தொடங்கினார்கள். உலகமே வாயைப் பிளந்தது. 2012-13 குளிர்காலத்தில் அது சொன்ன கணக்கு, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. 2015இல் நிறுத்தினார்கள். செய்தியைப் பார்த்துப் பயந்து, சுகமாயிருந்தவர்களும் தேடியதுதான் ஆராய்ந்தவர்கள் சுட்டிய காரணங்களில் ஒன்று. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களை நினைத்துப் பாருங்கள், அறிகுறி என்னவென்று தேடியவர்கள் எல்லோருமா காய்ச்சலில் கிடந்தார்கள்?

ஆகவே மகன் அந்நேரம் விழித்திருந்தான், எதையோ நினைத்துப் பயந்தான், அது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். தனக்காகத் தேடினானோ, கூட்டாளிக்காகவோ, யார் கண்டது. போனைப் பார்த்தேன் என்று தொடங்காதீர்கள், நாளைக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படுப்பான். நித்திரை எப்படி என்று சும்மா கேளுங்கள், பக்கத்தில் இருங்கள். படபடப்பு உண்மையென்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: பெயரைக் கொடுக்காமல் தேடினால் நான் யாரென்று எவருக்குத் தெரியப் போகிறது?
– வாசகர், கிண்ணியா

பதில்: 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. ஏறத்தாழ 650,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை, பெயருக்குப் பதில் இலக்கமிட்டு, ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டார்கள். சில நாட்களுக்குள் நியூயோர்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் இலக்கத்துக்குரிய பெண்ணின் வீட்டுக் கதவையே தட்டிவிட்டார்கள். தன் ஊரில் தோட்டவேலை செய்பவர்களைத் தேடியிருந்தார், தன் குடும்பப் பெயர் உள்ளவர்களைத் தேடியிருந்தார், அது போதுமாயிருந்தது. நீங்களும் ஊர்ப் பள்ளிக்கூடம், திருகோணமலைக்கு பஸ் நேரம், கிணற்று மோட்டார் திருத்துபவர், சொந்தக்காரர் பெயர் என்று ஒரு மாதம் தேடுங்கள், பெயர் எதற்கு?

இன்னொன்று. அந்தப் பெண்ணின் தேடல்களில் வியாதிகளும் நிறைய இருந்தன. அந்தப் பட்டியலை வாசித்தவர்கள் ‘பாவம், நோயாளி’ என்று நினைத்திருப்பார்கள். அவரோ சினேகிதிகளின் வியாதிகளைப் பற்றி அடிக்கடி தேடுகிறவர்! ஆளைப் பிடித்துவிட்டார்கள், கதையைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

கேள்வி: ஒரு சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகிள் ட்ரெண்ட்ஸில் ‘நிலாவெளி’ 100 என்று காட்டுகிறது. நூறு பேர்தான் தேடினார்களா? விடுதி வைத்திருக்கிறேன்.
– வாசகர், நிலாவெளி

பதில்: இல்லை. நீங்கள் எடுத்த காலப்பகுதியில், மொத்தத் தேடல்களுக்குள் அந்தச் சொல்லின் பங்கு எப்போது உச்சமோ அந்த வேளைக்கு 100 போடுவார்கள், 50 என்றால் அந்த உச்சத்தில் பாதி. தலைகளின் எண்ணிக்கை அதில் இல்லை. அந்த 100ஐ வங்கியில் காட்டிக் கடனெடுத்து இன்னும் நாலு அறை கட்டுகிற யோசனை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், கடற்கரைப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.