ஒரு பாலாடை பால்

வணக்கம். தாராவியில் இருக்கிறோம். ஐந்து மாத மகனுக்கு ஹெர்னியா ஆபரேஷன். செவோஃப்ளூரேன் என்ற வாயுவில் மயக்கம் கொடுப்பார்களாம். அந்தக் காலத்தில் ஹாலோத்தேன்தான், விலையும் குறைவு என்கிறார் மாமா. எது நல்லது? மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா? அன்று காலை அழுதால் கொஞ்சம் பால் கொடுத்தால் என்ன என்று அம்மா கேட்கிறார்.
செந்தில், மும்பை

அன்புள்ள செந்தில்,

மாமாவின் விலைக் கணக்கை விடுங்கள். 1956-இல் வந்த ஹாலோத்தேன் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தூங்கவைத்தது உண்மை. ஆனால் கைக்குழந்தையின் இதயத் துடிப்பை அது குறைக்கும், தாளம் தப்பவும் வைக்கும். செவோஃப்ளூரேன் ரத்தத்தில் குறைவாகக் கரைவதால் சீக்கிரம் தூக்கம், சீக்கிரம் விழிப்பு. இதயத்துக்கும் சிரமம் குறைவு. விழிக்கும்போது சில குழந்தைகள் வீறிட்டு அழும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். உங்கள் டாக்டர் சொன்னதே சரி. மூளை பற்றி: ஹெர்னியா ஆபரேஷன் செய்த கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை கவனித்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கத்தால் அறிவுத்திறன் குறையவில்லை.

சரி, போகிற போக்கில் எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். கொடுத்தால் என்னவா? மயக்கத்தில் குழந்தையால் விழுங்கவோ இருமவோ முடியாது. வயிற்றிலிருக்கும் பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். உயிரே போகலாம், செந்தில்.

மாட்டுங்காவில் என் சித்தி பேரனுக்கு இதே ஆபரேஷன். பிள்ளை அழுவது தாங்காமல் சித்தி வராந்தாவில் வைத்து ஒரு பாலாடை பால் புகட்டிவிட்டார். கடைசியாக எப்போது குடித்தான் என்று மயக்க டாக்டர் கேட்டபோது வாயே திறக்கவில்லை. சட்டையில் பால் கறையைப் பார்த்து அந்த டாக்டர்தான் ஆபரேஷனை நிறுத்தினார். அவரை எங்கள் வீட்டார் திட்டிய திட்டு! ஒரு நாள் லீவு போச்சு என்று. அந்தப் பெண் டாக்டரின் காலில் விழுந்திருக்க வேண்டும் நாங்கள். சித்தியை நான் வெறுக்கவில்லை. பசித்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவரால் ஆகாத காரியம். அந்தப் பாசத்தைத்தான் இப்போதும் நினைத்துப் பயப்படுகிறேன்.

அதற்காக ராத்திரி முழுக்கப் பட்டினி போடாதீர்கள், அதுவும் கொடுமை. தாய்ப்பால் பொதுவாக நான்கு மணி நேரம் முன்புவரை, புட்டிப்பால் ஆறு மணி நேரம். வெறும் தண்ணீருக்கு இன்னும் குறைவு. உங்கள் மயக்க டாக்டரிடம் சரியான நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். மனைவியைப் பேசச் சொல்லி மாமியார் மருமகள் சண்டையாக்கிவிடாதீர்கள்.