ஏசாயா வந்ததும் நின்றுபோகும் வாசிப்பு

கேள்வி: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருஷம் ஆகிறது. ஜனவரி பிறந்தால், பைபிளோடு நாம் வேதமாக வாசிக்கும் மார்மன் புஸ்தகத்தைத் தொடங்குவேன். அதில் இரண்டாம் நேபி என்ற பகுதியில் நின்றுவிடும். வேலை, இரண்டு பிள்ளைகள், நேரமே இல்லை. படித்த நாளிலும் வாழ்க்கையில் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. தினமும் படித்தே ஆகவேண்டுமா?

பதில்: சகோதரி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 12-ஆம் அதிகாரம்தானே? அங்கிருந்து 24 வரை, பைபிளில் உள்ள ஏசாயா தீர்க்கதரிசியின் 2 முதல் 14 வரையான அதிகாரங்கள் ஏறக்குறைய அப்படியே வருகின்றன. பல வருஷமாக ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாருடைய புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தாலும் அதுவரைக்கும் தாள் விரல்பட்டு அழுக்காக இருக்கும், அதற்கப்புறம் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருக்கும். ஏசாயா சொன்னதில் பலவும் தன் ஜனங்களுக்கே விளங்கவில்லை என்று 25-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அதை எழுதிய நேபி தீர்க்கதரிசியே ஒத்துக்கொள்கிறார். அதனால் 11 முடிந்ததும் நேரே 25-க்குப் போய்ப் படித்துவிட்டு, பிறகு 12-க்குத் திரும்புங்கள். வரிசை மாறினால் குற்றமில்லை.

அடுத்தது, அதிகாரக் கணக்கை விடுங்கள். மார்மன் புஸ்தகம் மொத்தம் 239 அதிகாரம்; நாளுக்கு ஒன்று என்றாலே எட்டு மாதம். நான்கு நாள் தவறினால் கடன் ஏறிவிட்டதுபோல் மனசு உறுத்தும், ஐந்தாம் நாள் புஸ்தகத்தைத் தொடவே கூச்சமாக இருக்கும். அன்று நம் சபையின் அப்போஸ்தலராக இருந்த ஹோவர்டு ஹன்டர் 1979 அக்டோபரில் நடந்த சபையின் பொது மாநாட்டில் இதற்கு வழி சொன்னார்: இத்தனை அதிகாரம் என்று வைப்பதைவிட இவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்வது மேல், சில நாள் ஒரே வசனத்திலேயே அந்த நேரம் முழுக்கப் போய்விடும். உங்களுக்குப் பதினைந்து நிமிஷம் போதும். பிள்ளைகள் எழுவதற்கு முன்போ, பஸ்ஸிலோ, எப்போது என்பது உங்கள் வசதி.

ஒன்றும் மாறவில்லை என்கிறீர்களே, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். நேபி தன் சகோதரர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டியபோது, அதைத் தங்களுக்கே பொருத்திப் பார்த்ததாக முதலாம் நேபி 19:23 சொல்கிறது. பொருத்திப் பார்க்கக் கையில் ஏதாவது பிரச்சினை வேண்டும். பின்னாளில் நம் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் பதினான்கு வயதில் எந்தச் சபையில் சேர்வது என்று குழம்பிக் கிடந்தபோதுதான், ஞானம் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்ற பைபிளின் யாக்கோபு 1:5 அவருக்குள் இறங்கியது. படித்ததோடு விடவில்லை; 1820-இல் தோப்புக்குள் போய் முழங்கால் போட்டார். நம் சபையின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீங்களும் ஒரு வாரம் மார்மன் புஸ்தகத்தில் மோசியா என்ற பகுதியின் 4-ஆம் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கை நீட்டுகிறவனைப் பார்த்து ‘தானாகத் தேடிக்கொண்டது’ என்று சொல்லாதே என்கிறார் பென்யமீன் ராஜா. நாம் எல்லோருமே பிச்சைக்காரர்கள்தானே என்றும் கேட்கிறார். அன்றைக்கு சிக்னலில் யாராவது கண்ணாடியைத் தட்டினாலோ, மைத்துனர் மறுபடி கடன் கேட்டாலோ அந்த வாக்கியம் நினைவுக்கு வரும். பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. தன்னிடம் இல்லாதவன் ‘இருந்தால் கொடுப்பேன்’ என்று மனதில் சொன்னால் போதும் என்று 24-ஆம் வசனம் இடம் விடுகிறது. ராத்திரி நடந்ததை இரண்டு வரி எழுதி வையுங்கள். பலத்துக்கு மிஞ்சி ஓடாதே என்பதும் அதே அதிகாரத்தில்தான், 27-ஆம் வசனம். உங்களுக்கு அதை அடிக்கோடிட்டே தருவேன்.

படித்தே ஆகவேண்டுமா என்றால், ஆம். மார்மன் புஸ்தகத்தின் ஓம்னி என்ற பகுதியில் வரும் சாரகெம்லா ஜனங்களைப் பாருங்கள். எருசலேமை விட்டுக் கிளம்பும்போது பதிவேடு எதுவும் கொண்டுவரவில்லை. சில நூற்றாண்டுகளில் பாஷை சிதைந்து, படைத்தவரே இல்லை என்றார்கள். அதேபோல எருசலேமை விட்டுக் கிளம்பிய நேபியின் அப்பா லேகியோ, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி, வேதம் பொறித்த பித்தளைத் தகடுகளை எடுத்துவரச் சொன்னார்.

உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம், ராத்திரி ஐந்தாறு வசனம். அந்தத் தகடுகளை வைத்திருந்த லாபானின் தலை வெட்டுப்படும் இடம் முதலாம் நேபி நாலாம் அதிகாரத்தில் வரும். கட்டாயம் கேள்வி கேட்பார்கள், முந்தின நாளே நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.