வீட்டிலே பெரி ஸ்மூத்தி: ரீச்சரிடம் கேள்வி பதில்

நான் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வெள்ளவத்தையில் இருக்கிறேன். பெரி ஸ்மூத்தி என்றால் ஸ்ரோபெரி, புளூபெரி போன்ற பழங்களைத் தயிரோடு அடித்த பானம். அதற்கான பழம், தயிர், அளவு, சமையலறைச் சுத்தம் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். தொடங்கும் முன் ஒன்று: ஸ்மூத்தியை வடிகட்டாதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

பம்பலப்பிட்டி: காலையில் வேலைக்குப் போக முன் குடிக்கிற மாதிரி ஓர் அளவு சொல்லுங்கோ ரீச்சர்.

ஒருவருக்கான அளவு இது. நுவரெலியா ஸ்ரோபெரி 150 கிராம், சீனி சேர்க்காத தயிர் அரைக் கோப்பை, ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு அரைத் தேக்கரண்டி. ஓட்ஸ் பத்து நிமிடம் தயிரிலேயே ஊறட்டும். ஈரமான பொருள்தான் பிளெண்டரின் அலகுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் தயிரும் ஓட்ஸும் முதலில், பழம் அப்புறம். அரை நிமிடம் அடித்தால் போதும். எருமைத் தயிர் என்றால் கட்டியாக வரும், கொஞ்சம் கொதித்தாறிய தண்ணீர் விடுங்கள்.

அந்த 150 கிராம் ஸ்ரோபெரியில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அன்றைக்கு அதுவே போதும். பழத்தின் சொந்தச் சீனி 7 கிராம் அளவு, நார் 3 கிராம். அந்த நாருக்காகத்தான் வடிகட்ட வேண்டாம் என்கிறேன். வடிகட்டினால் கையில் மிஞ்சுவது சாறு மட்டும்.

பழத்தை வாங்கியதும் கழுவி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும். காம்போடு வைத்து, அடிக்கப் போகும்போது கழுவி, அதன் பிறகு காம்பைக் கிள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை: புளூபெரி வாங்கிக் கட்டாது. அது இல்லாமல் செய்தால் பயன் உண்டா?

நிறையவே உண்டு. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 100 கிராம் புளூபெரியில் விற்றமின் சி 10 மில்லிகிராம்கூட இல்லை. ஸ்ரோபெரியில் 59, கொய்யாவில் 200க்கு மேல். புளூபெரியின் பெருமை அதன் நிறத்தில் இருக்கிறது. அந்தோசயனின் என்ற நிறப்பொருள்தான் அந்த நீலம். நம்முடைய நாவற்பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அதுவும் அந்தோசயனின்தான்.

நாவற்பழத்தைக் கையால் பிசைந்து கொட்டையை முழுவதும் எடுத்துவிடுங்கள். பிளெண்டரில் கொட்டை உடைபட்டால் கைப்பு வந்து எல்லாம் வீணாகும். தோல் கட்டாயம் இருக்கட்டும், நிறம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கோப்பைச் சதைக்கு அரைக் கோப்பைத் தயிர், ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் போட்டால் துவர்ப்பு அடங்கும். வெளிநாட்டுப் பெட்டியில் வருவதுதான் சத்து என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நாவல் கிடைக்கிற காலத்தில் வாங்கி, சதையை உறைய வைத்துக்கொள்ளுங்கள்.

மருதானை: சீனிக்குப் பதில் தேன் விடலாமா?

தேனும் சீனிக் கணக்கில்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகாட்டலில் தேன், பாணி, பழச்சாறு மூன்றையும் சீனியோடு சேர்த்தே எண்ணுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. வாங்குகிற யோகட்டிலேயே சீனி இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

தெஹிவளை: வாழைப்பழம் போட்டால் பெரியின் சத்து உடம்பில் சேராது என்று வாசித்தேன். உண்மையா?

ஒரு பகுதி உண்மை. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் வந்தது. பெரி, கொக்கோ, தேயிலை போன்றவற்றில் பிளவனோல் என்ற பொருள் இருக்கிறது, அது இரத்த ஓட்டத்துக்கு நல்லது. வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுக்கிறது அல்லவா? அதைச் செய்கிற நொதியத்தின் பெயர் பொலிபினோல் ஒக்சிடேஸ். அதே நொதியம் பிளவனோலையும் சிதைக்கிறது. வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் இரத்தத்தில் பிளவனோல், அதையே மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. பெரி ஸ்மூத்தி குடித்தபோது அப்படிக் குறையவில்லை.

ஆனால் அது சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு. அளந்தது பிளவனோலை. நார் அப்படியே இருக்கும், வாழைப்பழத்தின் பொட்டாசியமும் எங்கேயும் போகாது.

கொட்டாஞ்சேனை: பத்து வருஷமாகக் கோழிக்கூட்டு வாழைப்பழம் போட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். எல்லாம் வீணா?

வீணில்லை அம்மா. பிள்ளைகள் பழமும் தயிரும் பத்து வருஷம் சாப்பிட்டிருக்கிறார்கள். அது பெரிய காரியம். சீனி போடாமல் இனிப்பு வர வாழைப்பழம்தான் வழி என்றால் தொடர்ந்து போடுங்கள். பெரியின் முழுப் பயனும் வேண்டும் என்கிறவர்தான் தவிர்க்க வேண்டும்.

தெஹிவளை: தாவரவியலில் வாழைப்பழமே பெரிதான், ஸ்ரோபெரி பெரியே இல்லை. அப்படியிருக்க வாழைப்பழத்தைக் குறை சொல்லலாமா?

நீங்கள் சொல்கிற தாவரவியல் சரி. ஒரு சூலகத்திலிருந்து முழுச் சதையாக வருவதுதான் பெரி. வாழை, கொய்யா, தக்காளி எல்லாம் அதில் அடங்கும், ஸ்ரோபெரி அடங்காது. ஆனால் நாம் பேசுவது நொதியத்தைப் பற்றி. எந்தப் பழத்தில் அது கூடுதலாக இருக்கிறது என்பதுதான் கேள்வி, பழத்தின் வகை அதற்குப் பதில் சொல்லாது.

மட்டக்குளி: வாழைப்பழத்தை உறைய வைத்துப் போட்டால் நொதியம் செத்துவிடாதா?

சாகாது, குளிரில் மந்தமாகும், அவ்வளவுதான். மரக்கறியை உறைய வைக்க முன் கொதிநீரில் போட்டெடுக்கிறோம் அல்லவா? நொதியத்தை அழிக்க வெப்பம் வேண்டும் என்பதால்தான்.

வெள்ளவத்தை: அப்படியென்றால் ஸ்மூத்தியைத் தனியாகக் குடித்து வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிடலாம்தானே?

நல்ல கேள்வி. அதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். முன்கூட்டியே கலக்காமல் ஒரே நேரத்தில் உட்கொண்டபோதும் பிளவனோல் குறைந்தது. வயிற்றுக்குள்ளும் நொதியம் வேலை செய்கிறது. வாழைப்பழத்தைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளை: அப்ப இனிப்புக்கு எதைத்தான் போடுவது?

மாம்பழம். அதில் அந்த நொதியத்தின் வேலை குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் வருகிற காலத்தில் ஒரு பாதி போட்டுப் பாருங்கள், நுவரெலியா ஸ்ரோபெரியின் புளிப்புக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. அன்னாசியும் நல்லது, ஆனால் தயிரோடு அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் கைக்கும். பப்பாசியும் அப்படியே. இரண்டிலும் பாலின் புரதத்தை உடைக்கும் நொதியங்கள் இருக்கின்றன. வாழைப்பழக் கதையை இதோடு முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கல்கிசை: தேனுக்குப் பதில் கித்துள் பாணி?

மருதானைக்குச் சொன்ன பதிலேதான்.

கிருலப்பனை: பால் விட்டால் நிறம் சாம்பலாகிறது. பழம் கெட்டதா?

கெடவில்லை. அந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், புளிப்புக் குறையக் குறைய ஊதா, நீலம் என்று மாறும். தேசிக்காய் ஒரு சொட்டு விடுங்கள், நிறம் திரும்பும்.

பத்தரமுல்லை: சுப்பர்மார்க்கெட்டில் வாங்கும் உறைந்த பெரி பாதுகாப்பானதா?

சத்தில் குறைவில்லை. ஆனால் உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை. ஹெப்பரைற்றிஸ் ஏ வைரஸ் உறைந்த பெரிகள் வழியாகப் பரவிய சம்பவங்கள் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்திருக்கின்றன. இறக்குமதியான உறைந்த பெரியை ஒரு நிமிடம் கொதிக்க வைத்துப் பயன்படுத்தும்படி அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை சொல்கிறது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கிற வீட்டில் நானும் அதையே சொல்வேன். பைக்குள் பழம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள், இடையில் உருகித் திரும்ப உறைந்திருக்கலாம். மின்சாரம் நீண்ட நேரம் நின்று பழம் உருகினால் அன்றே கொதிக்க வைத்துச் சாப்பிட்டு முடியுங்கள். ஐஸ் கட்டியையும் கொதித்தாறிய தண்ணீரில்தான் செய்ய வேண்டும்.

வத்தளை: உடம்பு மெலியுமா?

சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் உதவலாம். சாப்பாட்டுக்கு மேல் குடித்தால் உதவாது.

நுகேகொடை: அப்பாவுக்கு நீரிழிவு, மாத்திரை எடுக்கிறார். விதை பல்லில் சிக்குதாம், வடிகட்டிக் கொடுக்கட்டுமா?

வடிகட்டவே வேண்டாம். நீரிழிவு உள்ளவருக்கு அந்த நார் இன்னும் முக்கியம். கொய்யா போட்டால் மட்டும் கல்லுப்போன்ற விதையை எடுத்துவிடலாம். எவ்வளவு, எந்த நேரம் என்பதை மாத்திரை எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள். பழத்தை முழுதாக மென்று சாப்பிட முடிந்தால் அவருக்கு அது இன்னும் மேல்.

தெமட்டகொடை: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கலந்து கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் வேண்டாம், பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

ராஜகிரிய: இனிப்புக்குத் தேன்...

மருதானைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள், தயவு செய்து.

கிராண்ட்பாஸ்: வீட்டில் பிளெண்டர் இல்லை ரீச்சர்.

தயிர் கடைகிற மத்து இருக்கிறதா? ஸ்ரோபெரி நன்றாகப் பழுத்திருந்தால் ஆழமான சட்டியில் தயிரோடு போட்டுக் கடையுங்கள். நாலைந்து நிமிடத்தில் பழம் உடைந்து கலக்கும். ஓட்ஸ் முதல் இரவே ஊறட்டும். கொஞ்சம் திப்பி திப்பியாக இருக்கும், அதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம்.