ஊட்டும் விதமும் குழந்தையின் எடையும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. முன்பு கிண்ணம் நிறைய பருப்பு சாதம் சாப்பிட்டவன், இப்போது நாலு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. வாயில் திணிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: தயவுசெய்து திணிக்காதீர்கள். முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையும். அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். கோடு வழக்கம்போல் ஏறினால், போதும் என்று அவன் முகத்தைத் திருப்புவதை நம்பலாம். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், பால் எவ்வளவு குடிக்கிறான்? தினம் அரை லிட்டரைத் தாண்டினால் சோற்றுக்குப் பசி இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

கேள்வி: போன் காட்டினால் தட்டு காலியாகிறதே?

பதில்: வயிறு நிறைந்தது தெரியாமலே காலியாகிறது, அதுதான் கவலை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. நிலாவையும் காக்காவையும் காட்டி ஊட்டும்போதாவது ஊட்டுபவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார்.

கேள்வி: மகளுக்கு 4 வயது, எடை அதிகம். சிப்ஸை அலமாரியில் பூட்டி வைக்கிறேன். பாட்டி வீட்டில் அள்ளித் தின்கிறாள்.

பதில்: பூட்டுவதால் ஆசை கூடும். அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பர்ச் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே வைத்து எடுக்க விடாத தின்பண்டத்தின் மீதே குழந்தைகளின் நாட்டம் போனது. வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். என்றாவது வாங்கினால் எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் சாப்பிடுங்கள். பாட்டியிடமும் பேசுங்கள். "காய் சாப்பிட்டால் சிப்ஸ்" என்ற பேரம் மட்டும் வேண்டாம். காய் தண்டனை, சிப்ஸ் பரிசு என்று அவளே முடிவு செய்துவிடுவாள்.

கேள்வி: நான் அதட்டி ஊட்டுவதால்தான் குழந்தை ஒல்லி என்கிறார் மாமியார்.

பதில்: அந்தப் பழியைச் சுமக்காதீர்கள். பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், மரபுவழியில் மெலிந்த வாகுள்ள பிள்ளைகளைத்தான் பெற்றோர் அதிகம் வற்புறுத்தியது தெரிந்தது. ஒல்லியைப் பார்த்துப் பயந்துதான் அதட்டல் பெரும்பாலும் தொடங்குகிறது. ஆனாலும் அதட்டலை விடுங்கள். அந்தச் சாப்பாட்டின் மீதே வெறுப்பு வரும். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள்.

கேள்வி: கீரையைத் துப்புகிறாளே?

பதில்: துப்பட்டும். பத்துப் பதினைந்து தடவை ருசி பார்த்த பிறகே சில குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு ஸ்பூன் மட்டும் தட்டில் வையுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள்.