நுவரெலியாவில் ஐஸ் தளம்: தறப்பாள் வாங்கும் முன்

ஜனவரியில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைகிறதே, தறப்பாள் விரித்து அரை அடி தண்ணீர் விட்டால் பிள்ளைகள் சறுக்கி விளையாட ஐஸ் தளம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. கனடாவில் இதைச் செய்பவர்களுக்கு இரவு பகலாக, நாட்கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே குளிர் கிடைக்கிறது. நமக்கு விடியப்புறம் சில மணித்தியாலம்தான், அதுவும் மேகமும் காற்றும் இல்லாத இரவில். புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவதால் அது மட்டும் உறைகிறது. மேலே உள்ள காற்று பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை.

ஒரு சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே 10 கிலோ. 0 பாகைக்கு வந்த பிறகும் அது முழுதாக உறைய ஏறக்குறைய 3,340 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். நம் இரவு அதற்கே போதாது, அரை அடிக்கு எங்கே போவது!

சரி, ஆசைக்கு ஒன்று செய்யுங்கள். அகலமான தட்டில் சில மில்லிமீட்டர் தண்ணீர், அடியில் காய்ந்த வைக்கோல் தடிப்பாக. கூரையோ மரமோ மறைக்காத பள்ளமான இடம் நல்லது, குளிர்காற்று அங்கேதான் தேங்கும். வட இந்தியாவில் முன்பு இப்படித்தான் மண் தட்டுகளில் ஐஸ் எடுத்தார்கள். வெயில் ஏறுமுன் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். சறுக்கியே ஆக வேண்டுமென்றால் ரோலர் ஸ்கேட் வாங்கிக் கொடுங்கள், சீமெந்து முற்றம் போதும்.